மூக்கணாங்கயிறு – 9: பதினான்கு கார்கள் திரும்பிய நாள்

சென்ற வாரம்…

சோழவரத்துப் பழைய விமான ஓடுதளம் வரை வந்திருந்தோம். கோவையிலிருந்து கார்களைக் கொண்டுபோய் அங்கே ஓட்டிய எஸ்.கரிவர்தன், 1988இல் மாருதி 800 எஞ்சினை எடுத்து ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கட்டினார். 1995இல் விமான விபத்து ஒன்று அவரைக் கொண்டுபோனது. 2003இல் செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நின்றது.

அது கோவை வேகத்தைக் கூட்டக் கற்ற கதை. இந்த வாரம் சொல்லப்போவது, உலகம் வேகத்துக்கு எல்லை வைக்கக் கற்ற கதை. அந்தக் கதையின் மிக வேதனையான ஒரு நாளில், ஒரு கோவைக்காரர் தடத்தின் நடுவில் இருந்தார்.

* * *

குண்டு விரியும் சத்தம்

‘கவர்னர்’ என்ற சொல் எங்கள் ஊருக்கு ஆயில் எஞ்சினோடு வந்தது.

எங்கள் தோட்டத்துக் கிணற்று மேட்டில் ஓடிய எஞ்சினின் பக்க மூடியைக் கழற்றி வைத்திருந்த ஒரு நாளில்தான் அதை முதலில் பார்த்தேன். தண்டில் கீல் வைத்துப் பூட்டிய இரண்டு இரும்புக் குண்டுகள். எண்ணெய் படிந்து கருத்திருந்தன. கையால் தண்டைச் சுற்றினால் குண்டுகள் சற்றே விரியும், விட்டால் ஸ்பிரிங் இழுத்து மூடிக்கொள்ளும்.

பம்ப் தண்ணீர் பிடிக்கும்வரை எஞ்சினுக்குப் பாரம் இல்லை, ஓட்டம் கூடும். ஓட்டம் கூடினால் குண்டுகள் விரியும். விரிகிற குண்டு டீசல் பம்பின் ராக்கைப் பின்னால் தள்ளும். டீசல் குறையும், ஓட்டம் அடங்கும். தண்ணீர் பிடித்ததும் பாரம் ஏறிச் சத்தம் கனக்கும். குண்டுகள் சுருங்கும், டீசல் கூடும். பக்கத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கும் விவசாயி, அந்தச் சத்தத்தை வைத்தே வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்று சொல்லிவிடுவார்.

1788இல் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எஞ்சினில் பூட்டியதும் இதே குண்டுகளைத்தான்.

ஆனால் அந்தக் குண்டுகளின் வேலை ஓட்டத்தைச் சீராக வைப்பது. ‘இதற்கு மேல் போகாதே’ என்று மறிப்பது வேறு வேலை. அதற்கு முன்னால் ஒருவர் வாய் திறந்து, ‘இதற்கு மேல்’ என்றால் எத்தனை என்று சொல்லியாக வேண்டும்.

சாலையில் ஓடும் கார்களுக்கு அதைச் சொன்னது யார்?

* * *

எழுதாத வாக்கு

ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலைகளில் பல பகுதிகளுக்கு இன்றும் வேக வரம்பு கிடையாது. 1973இன் எண்ணெய் நெருக்கடியில் சில மாதங்கள் 100 கி.மீ. என்று வைத்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 1978இல் 130ஐ அறிவுரையாக மட்டும் சொன்னார்கள்.

1980களில் காற்று மாறியது. புகையாலும் அமில மழையாலும் காடுகள் பட்டுப்போகின்றன என்ற கவலை அந்த நாட்டை உலுக்கியது. 1983இல் பசுமைக் கட்சி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது. வேக வரம்பு வேண்டும் என்ற குரல் வலுத்தது. அதே ஆண்டுகளில் கார் நிறுவனங்களோ எஞ்சின் சக்தியை ஏற்றிக்கொண்டே போயின.

முட்டல் நெருங்கி வந்தது. சட்டம் வந்து தங்கள் கையைக் கட்டுவதற்கு முன், நிறுவனங்கள் தாமே ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டன.

1987இல் பி.எம்.டபிள்யூ. 750ஐ.எல். சந்தைக்கு வந்தது. 12 சிலிண்டர், 5 லிட்டர், 300 குதிரைத்திறன். அந்த எஞ்சினுக்கு இன்னும் வேகமாகப் போகத் தெம்பு இருந்தது. ஆனால் ஸ்பீடாமீட்டர் முள் 250ஐத் தொட்டதும், ஓட்டுபவர் எவ்வளவு அழுத்தினாலும் கார் அதற்கு மேல் போகவில்லை.

மெர்சிடிஸும் ஆடியும் அதே எண்ணுக்கு வந்தன. போர்ஷே சேரவில்லை. பொதுவில் வைத்த ஒப்பந்தத் தாள் ஒன்றும் இல்லை. மீறினால் இன்ன தண்டனை என்றும் இல்லை. ஒருவர் 260 என்று விளம்பரம் செய்தால் அடுத்தவர் 270 என்பார், அந்தப் போட்டி எல்லோரையும் சட்டத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்பது மூவருக்கும் தெரிந்திருந்தது. அந்த அறிவுதான் வாக்கைக் காத்தது.

ஜப்பானிலும் இதே வழிதான். அங்கே தயாரிப்பாளர்கள் தங்களுக்குள் 180 கி.மீ. என்று நிறுத்திக்கொண்டார்கள். 1989 வாக்கில் எஞ்சின் சக்திக்கும் 280 குதிரைத்திறன் என்று ஒரு எல்லை வைத்து, 2004 வரை காத்தார்கள்.

* * *

கவணில் சுற்றும் கல்

எண் எதுவானாலும் அதன் அடியில் டயர் இருக்கிறது.

சோளக்காட்டில் பரண் மேல் நின்று கவண் சுற்றியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுற்று வேகம் இரண்டு மடங்கானால், கல் கையை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். டயரின் மேல்பரப்பில் இருக்கும் ஒவ்வொரு ரப்பர் துணுக்கும் அப்படிக் கவணில் சுற்றும் கல்தான்.

சுற்றளவு 2 மீட்டர் உள்ள டயர் 250 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில் இருக்கும் 10 கிராம் ரப்பர், ஏறக்குறைய 15 கிலோ எடையின் விசையோடு பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். நூலிழையும் கம்பியும்தான் அதைப் பிடித்து வைக்கின்றன. கூடவே, தரையில் அழுந்தி நிமிரும் ஒவ்வொரு சுற்றிலும் டயர் சூடாகிறது. சூடு ஏறினால் அந்தப் பிடி தளரும்.

அதனால்தான் டயரின் பக்கவாட்டில் ஓர் எழுத்து அச்சடிக்கப்படுகிறது. எஸ் என்றால் 180 வரை, எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300. எஞ்சினின் ஆசைக்கு டயர் போடும் எல்லை அது.

காற்றும் மறிக்கிறது. 200லிருந்து 250க்குப் போக, காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி தேவை.

* * *

பல் எண்ணும் பெட்டி

இந்த எல்லையைக் கார் எப்படித் தெரிந்துகொள்கிறது?

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு பல் வளையம் இருக்கிறது. அதன் அருகே, மிகக் குறுகிய இடைவெளியில், காந்தம் பொதிந்த சென்சார். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது சென்சாரில் ஒரு மின்துடிப்பு எழும். வளையத்தில் 48 பல் என்றால், நாம் சொன்ன டயர் 250இல் ஓடும்போது நொடிக்குச் சுமார் 1,667 துடிப்பு. எஞ்சினை ஆளும் இ.சி.யு. பெட்டி அதை எண்ணிக்கொண்டே இருக்கும். லேத் பட்டறையில் கியர் பல் எண்ணிப் பழகிய கோவைப் பையனுக்கு இது புரியாத வித்தை அல்ல.

எண்ணத் தெரிந்தால் போதாது, பிடிக்கவும் தெரிய வேண்டும். தொடக்க காலக் கருவிகளில் சில, எல்லை வந்ததும் பெட்ரோலை வெட்டின. கார் குலுங்கும். வேகம் இறங்கியதும் பெட்ரோல் பாயும், மறுபடி குலுங்கும். 200க்கு மேல் போகும் காரில் அந்தக் குலுக்கலே ஆபத்து.

இங்கேதான் 750ஐ.எல். முக்கியமாகிறது. அதன் ஆக்சிலரேட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே கேபிள் இல்லை. கால் அழுத்துவது மின்குறிப்பாகப் பெட்டிக்குப் போகும். த்ராட்டிலை எவ்வளவு திறப்பது என்று பெட்டி முடிவு செய்து, சிறு மோட்டாரால் திறக்கும். ஓட்டுநரின் கால் கேட்பது ஒன்று, எஞ்சினுக்குக் கிடைப்பது ஒன்று. எல்லை நெருங்கும்போதே பெட்டி த்ராட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தும். உள்ளே இருப்பவருக்கு ஒரு சுவர் தெரியாது; மேடு ஏறுவதுபோல் வேகம் தானாகத் தேங்கும்.

ரேக்ளா ஓட்டுபவருக்கு இந்தக் கைப்பக்குவம் தெரியும். காங்கேயம் காளை 300 மீட்டர் தடத்தில் பாய்ந்து முடிக்கும்போது கயிற்றை வெடுக்கென்று சுண்டினால் மூக்கு அறுபடும், காளை மிரளும். சன்னமாகப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்துத்தான் நிறுத்த வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இந்தக் கயிறு எஞ்சினைத்தான் பிடிக்கும், சக்கரத்தைப் பிடிக்காது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ திம்பத்தின் 27 வளைவுகளிலோ இறங்கும்போது, வண்டியைத் தள்ளுவது மலை. அங்கே இந்தப் பெட்டி துணைக்கு வராது. கியரும் பிரேக்கும் ஓட்டுநரின் நிதானமும்தான்.

* * *

ஸ்டியரிங்கில் ஒரு பொத்தான்

ஃபார்முலா ஒன் பந்தயத் தடத்தில் வேகத்துக்கு எல்லை என்ற பேச்சே ஒரு காலத்தில் கிடையாது. அதை மாற்றியது 1994 மே 1.

இத்தாலியின் இமோலா தடம். உலகம் அந்த நாளை அயர்ட்டன் சென்னாவின் மரணத்தோடு நினைவில் வைத்திருக்கிறது. அதே பந்தயத்தில் இன்னொன்றும் நடந்தது. பிட்டிலிருந்து கிளம்பிய மிக்கேலே அல்போரேத்தோவின் மினார்டி காரிலிருந்து ஒரு சக்கரம் கழன்று ஓடி, அங்கே நின்றிருந்த மெக்கானிக்குகளைக் காயப்படுத்தியது. டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் ஆட்கள் நிற்கும் அந்தக் குறுகிய பாதையில், கார்கள் அதுவரை ஓட்டுநரின் விருப்பப்படி சீறிக்கொண்டிருந்தன.

அடுத்த பந்தயமான மொனாக்கோவிலிருந்து பிட் பாதைக்கு வேக வரம்பு வந்தது. ஸ்டியரிங்கில் அதற்கென்று ஒரு பொத்தான் வந்தது. கோட்டுக்கு முன்னால் பிரேக் பிடித்து வேகத்தை இறக்கிப் பொத்தானை அழுத்தினால், எஞ்சின் விக்கி விக்கி ஓடும். 300இல் வந்த கார் ஊர்வலத் தேர்போல் நகரும்.

எல்லோருக்கும் ஒரே கோடு, ஒரே எண். மீறியவருக்கு அங்கேயே தண்டனை. அதனால் யாரும் நஷ்டப்படவில்லை. பொத்தானை அழுத்த யாரும் தயங்கவும் இல்லை.

பதினோரு ஆண்டுகள் கழித்து, அதே பந்தய உலகம் கோடு போட முடியாமல் தவித்தது.

* * *

இண்டியானபோலிஸ், 2005 ஜூன்

நரேன் கார்த்திகேயன் 1977இல் பிறந்த கோவைக்காரர். தந்தை ஜி.ஆர்.கார்த்திகேயன் புகழ்பெற்ற ராலி வீரர். 2005 மார்ச் 6 அன்று மெல்போர்னில், ஜோர்டான் அணியின் காரில், ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியராக நரேன் ஆனார். அன்று 15ஆம் இடம். அதற்குப் பிறகு வந்த பந்தயங்களிலும் புள்ளி கிடைக்கவில்லை. சிறிய அணி, வேகம் குறைந்த கார்.

ஜூனில் அமெரிக்கா. இண்டியானபோலிஸ் தடத்தின் 13ஆம் வளைவு மற்ற வளைவுகளைப் போன்றதல்ல. பழைய ஓவல் தடத்தின் சாய்ந்த வளைவு அது. அந்தச் சாய்வில் 300 கி.மீ. அளவுக்கு வேகமெடுத்து ஏறும்போது, காரின் பாரம் முழுக்க இடப்பக்கப் பின்டயரை நசுக்கும். அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றவும் முடியாது.

ஜூன் 17, வெள்ளிக்கிழமைப் பயிற்சி. ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா அந்த வளைவில் இடப்பக்கப் பின்டயர் போய்ச் சுவரில் மோதியது.

அது மிஷெலின் டயர். ஏழு அணிகள், பதினான்கு கார்கள் அதே டயரில் இருந்தன. ஃபெராரி, ஜோர்டான், மினார்டி ஆகிய மூன்று அணிகளின் ஆறு கார்கள் மட்டும் பிரிட்ஜ்ஸ்டோன்.

மிஷெலின் பொறியாளர்கள் பரிசோதித்தார்கள். பிறகு, ஒரு டயர் நிறுவனம் சொல்லக் கூசும் உண்மையை ஒளிக்காமல் சொன்னார்கள்: 13ஆம் வளைவில் வேகம் குறையாவிட்டால் இந்த டயருக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது.

சனிக்கிழமை போனது. ஞாயிறு காலையும் போனது.

அணிகள் கேட்டது, வளைவுக்கு முன்னால் ஒரு சிகேன். அதாவது எல்லாக் கார்களையும் வேகம் இறக்க வைக்கும் தற்காலிக நெளிவு. சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ. மறுத்தது. சரியான டயரோடு வந்தவர்களை ஏன் தண்டிக்க வேண்டும், சோதித்துப் பார்க்காத நெளிவில் விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்பது அதன் கேள்வி. மிஷெலின் கார்கள் மட்டும் அந்த வளைவில் வேகத்தைக் குறைத்து ஓட்டட்டும், அல்லது ஒவ்வொரு சுற்றிலும் பிட் பாதை வழியாகப் போகட்டும் என்றது.

அணிகள் ஏற்கவில்லை. ஒரே வளைவில் சில கார்கள் முழு வேகத்திலும் பல கார்கள் மெதுவாகவும் போனால், அதுவே ஓர் ஆபத்து. போட்டிக்கு வந்தவன் தன் கையைத் தானே கட்டிக்கொண்டு, அடுத்தவன் கடந்து போவதைப் பார்த்திருக்கவும் மாட்டான்.

வேகம் குறைய வேண்டும் என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. யாருடைய வேகம் என்பதில்தான் எல்லாம் உடைந்தது.

* * *

ஜூன் 19. இங்கே கோவையில் நள்ளிரவை நெருங்கும் நேரம். ‘நம்ம நரேன்’ ஓடுகிறார் என்று டி.வி. முன்னால் கண்விழித்து உட்கார்ந்திருந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று.

இருபது கார்களும் அணிவகுப்புச் சுற்றுக்குக் கிளம்பின. வரிசையாக வந்தன. முதலிடத்தில் புறப்பட வேண்டிய யார்னோ ட்ருல்லியின் டொயோட்டா, தன் கட்டத்துக்கு வரவில்லை. பிட் பாதைக்குள் திரும்பியது.

அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் இன்னொன்று.

பதினான்கு கார்களும் தடத்தை விட்டு, வேக வரம்புள்ள அந்தப் பாதைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து போயின.

தொலைக்காட்சியில் தெரிந்த படம் இன்றும் கண்ணில் நிற்கிறது. முன்பக்கக் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்க, அகன்ற கறுப்புத் தாரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆறே கார்கள். விளக்கு அணைந்தது, ஆறும் கிளம்பின. மேடையிலிருந்து கூச்சல் எழுந்தது. சிலர் தடத்துக்குள் பாட்டில்களை வீசினார்கள்.

அந்த ஆறில் ஒன்று நரேனுடையது. 72 சுற்று அவர் ஓட்டினார். மைக்கேல் ஷூமாக்கர் முதலிடம், பாரிக்கெல்லோ இரண்டாமிடம், ஜோர்டான் அணியின் மொன்டெய்ரோ மூன்றாமிடம், நரேன் நான்காமிடம். ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் பெற்ற முதல் புள்ளிகள் அவை.

அந்தப் புள்ளிகளைக் குறைத்துப் பேசுபவர்களை எனக்குத் தெரியும். அவர்களோடு நான் உடன்படுவதில்லை. பாட்டில் விழும் தடத்தில், ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில், கவனம் சிதறாமல் காரைக் கடைசிக் கோடு வரை கொண்டுவந்து சேர்த்ததும் ஓட்டுநரின் வேலைதான். அதை நரேன் குறைவில்லாமல் செய்தார்.

* * *

வாக்கும் பெட்டியும்

அன்று திரும்பிய பதினான்கு கார்களின் ஸ்டியரிங்கிலும் வேகத்தை அடக்கும் பொத்தான் இருந்தது. உலகத்தின் மிகத் தேர்ந்த மின்னணுக் கருவிகள் அவற்றில் இருந்தன. இருந்தும் ஒரே ஒரு வளைவின் வேகத்தைக் குறைக்க முடியவில்லை.

1987இல் 250 நின்றதற்கும் 2005இல் 13ஆம் வளைவு தோற்றதற்கும் நடுவே உள்ள வேறுபாடு கருவியில் இல்லை. அங்கே போட்டியாளர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு முன்னால் வந்தது, பெட்டி பின்னால் வந்தது. இங்கே பொத்தான் இருந்தது, வாக்கு இல்லை.

ஜெர்மன் வாக்கும் இன்று முழுசாக இல்லை. கூடுதல் பணம் கட்டினால், சில மாடல்களில் நிறுவனமே அந்த எண்ணை 290, 305 என்று நகர்த்திக் கொடுக்கிறது. கயிறு முறுக்கிய கைகளே அதைத் தளர்த்தும் காலம்.

வாக்கு இல்லாத இடத்தில் சட்டம் வரும். நம் நாட்டுக்கு அது 2015 ஏப்ரல் 15 அன்று வந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 118ஆம் விதியைத் திருத்தி, பேருந்து, லாரி போன்ற போக்குவரத்து வாகனங்களுக்கு மத்திய அரசு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்கியது. எல்லை 80 கி.மீ. பள்ளிப் பேருந்து, டேங்கர், டிப்பர் போன்றவற்றுக்கு 60. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தயாராகும் வண்டிகள், கருவியோடுதான் வெளியே வர வேண்டும்.

750ஐ.எல். காரில் பல் எண்ணிய அந்த வித்தை, இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து நம் பேருந்துக்குள் ஏறியது. சங்ககிரி லாரிக்கும் வந்தது, காந்திபுரத்திலிருந்து கிளம்பும் வண்டிக்கும் வந்தது. எஃப்.சி.க்குப் போகும் நாளில் அதன் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

ஆனால் கொங்கு நாட்டுச் சாலைகளில் அந்தப் பெட்டிக்கு முன்பே ஒரு தாள் இருந்தது. பேருந்து புறப்படும் நேரம் குறித்த டைமிங் தாள். முன்னால் போகும் வண்டிக்கும் பின்னால் வரும் வண்டிக்கும் நடுவே சில நிமிடங்கள்தான் இடைவெளி. அந்த நிமிடங்களில்தான் அன்றைய வசூல். நிறுத்தத்தில் நிற்கும் பயணிகளை முதலில் ஏற்றிக்கொள்பவருக்குத்தான் பேட்டா நிறையும்.

எண்பதில் நிற்கச் சொல்லும் பெட்டி ஒரு பக்கம். நிமிடத்தைப் பிடிக்கச் சொல்லும் தாள் மறுபக்கம். முன்னும் பின்னும் ஓடும் வண்டிக்காரரோடு எந்த வாக்கும் இல்லை. நடுவில், ஐம்பது உயிர்களை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் அந்த ஓட்டுநர், இரண்டில் எதன் பேச்சைக் கேட்டார்?

(அடுத்த வாரம்)